மலையில் லாரி இழுக்கும் வண்டி, 7 லட்சம் கி.மீ. ஓடிய இன்ஜின்: ரிங் மட்டும் மாற்றலாமா, முழு வேலை பார்க்கணுமா?

குன்னூர் கிரேன்

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது பழைய டாடா 1613 சேஸிஸில் கிரேன் ஏற்றிய ரெக்கவரி வண்டி. கம்மின்ஸ் 6பிடி 5.9 இன்ஜின், டர்போ உண்டு, அது அழுத்திய காற்றைக் குளிர வைக்கிற இன்டர்கூலர் கிடையாது. மேட்டுப்பாளையம் குன்னூர் ரோட்டில் கல்லாறு தாண்டி நின்றுபோகிற லாரி, பஸ், டெம்போ எல்லாவற்றையும் கட்டி இழுத்து வருவதுதான் பிழைப்பு, சில நாள் குஞ்சப்பனை பக்கமும் கூப்பிடுவார்கள். மீட்டர் 7 லட்சத்துச் சொச்சம் காட்டுகிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் நான் வாங்கும்போதே 4 லட்சம் தாண்டியிருந்தது, அதுவரை சமவெளியில் சிமென்ட் லோடு அடித்த வண்டி. ஒருமுறை ஹெட் கேஸ்கெட்டுக்காக ஹெட்டை இறக்கியிருக்கிறேன், அதற்குக் கீழே யாரும் கை வைத்ததாகத் தெரியவில்லை.

இப்போதைய நிலைமை இதுதான். பேக் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வாயு கீழே இறங்குவது, அதிகமாகிவிட்டது, இன்ஜின் மூச்சு விடுகிற பிரீதர் பைப்பில் அடுப்புப் புகை மாதிரி வருகிறது, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அந்த ஓட்டையின் மேலேயே தலைகீழாக வைத்தால் துள்ளி விழுகிறது. ஆயில் ஐந்நூறு கிலோமீட்டருக்கு இரண்டு லிட்டர் போகிறது. காலையில் ஸ்டார்ட் ஆக நேரமெடுக்கிறது, ஆனவுடன் வெள்ளைப் புகை, சூடேறின பிறகு நீலம் கலந்த புகை. பர்லியார் தாண்டி லோடு லாரியை இழுக்கும்போது முன்பு இரண்டாவது கியரில் வந்த இடத்தில் இப்போது முதல் கியர் போட்டாலும் மூச்சு வாங்குகிறது. மேலே வந்து நிறுத்தி ஐடிலில் விட்டால் ஆயில் பிரஷர் முள் 10 பிஎஸ்ஐ பக்கம் இறங்கிவிடுகிறது.

மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். எங்கள் ஊர் மெக்கானிக், இன்ஜினைக் கீழே இறக்க வேண்டாம், சேஸிஸில் இருக்கும்போதே ஹெட்டையும் ஆயில் சம்ப்பையும் கழற்றி ரிங் செட், பேரிங் செட் மாற்றி நாலு நாளில் வண்டியைக் கையில் தருகிறேன் என்கிறார். மச்சான் ஒருவர் உக்கடத்தில் பழைய இன்ஜின் ஒன்று பார்த்து வைத்திருக்கிறார், அதைத் தூக்கி மாட்டிவிடலாம் என்கிறார். இன்னொரு டிரைவர் நண்பர் முழுசாகப் பிரித்து ரீபோர் அடிக்காமல் (சிலிண்டரைக் கொஞ்சம் பெரிதாகக் கடையாமல்) விடாதே என்கிறார். ஏப்ரல், மே சீசனில் வண்டி நின்றால் வருஷ வருமானத்தில் பாதி போச்சு, அதனால் அதற்கு முன்னால் முடித்தாக வேண்டும். இந்த வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள், எதைச் செய்வது?

காரட் லோடு, முத்தோரை

அண்ணா, பழைய இன்ஜின் வாங்கும் யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். நான் ஒருமுறை அப்படி வாங்கி மாட்டினேன். கடையில் ஸ்டார்ட் செய்து காட்டும்போது அருமையாகத்தான் ஓடியது. கெட்டியான ஆயிலை ஊற்றி வைத்திருந்தால் பத்து நிமிஷத்துக்கு எந்த இன்ஜினும் நன்றாகத்தான் ஓடும். மேட்டுப்பாளையம் மண்டிக்கு லோடு இறக்கிவிட்டு மேலே ஏறின மூன்றாவது வாரமே ராட் பேரிங் சத்தம் வந்துவிட்டது. அடுத்தவர் எப்படி ஓட்டினார் என்று தெரியாத இன்ஜினுக்குப் பணம் கொடுப்பதைவிட, நம் கையில் பத்து வருஷமாக இருக்கிற இன்ஜினுக்குச் செலவு செய்வது மேல். ஆர்சி புத்தகத்தில் இன்ஜின் நம்பரை மாற்றும் அலைச்சல் வேறு.

ரிங் மட்டுமா ரீபோரா என்பது எனக்குச் சொல்லத் தெரியாது, விஷயம் தெரிந்தவர்கள் வருவார்கள்.

போரிங் மிஷின், கோவை

முப்பது வருஷத்துக்கு மேல் சிலிண்டர் போரிங்கும் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டு) கிரைண்டிங்கும் பார்த்தவன். பிறந்தது அருவங்காடு, அதனால் அந்த ரோடும் தெரியும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரிங் மட்டுமா, முழு வேலையா என்று நீங்கள் கேட்கிறீர்கள். அதை மெக்கானிக்கோ நானோ சொல்லக் கூடாது, சிலிண்டரின் உள்விட்டத்தை அளக்கிற போர் கேஜ் சொல்ல வேண்டும். ஹெட்டைத் தூக்கிவிட்டு ஆறு சிலிண்டரையும் அளக்கும்வரை யார் எதைச் சொன்னாலும் அது யூகம். இந்த இன்ஜினுக்குத் தனியாகக் கழற்றி மாற்றுகிற லைனர் கிடையாது, பிளாக்கிலேயே போர் அடித்தது. புதிதாக வரும்போது விட்டம் 102 மில்லிமீட்டர், அதற்கு மேல் 0.04 வரை இருக்கலாம். தேய்ந்து 102.116-ஐத் தாண்டிவிட்டால் அந்தப் போரில் ஸ்டாண்டர்ட் ரிங் போடக் கூடாது. வட்டம் 0.038-க்கு மேல் நெளிந்திருந்தாலோ, மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் 0.076-க்கு மேல் இருந்தாலோ அப்போதும் போர் அடிக்கத்தான் வேண்டும். போர் அடித்துப் பெரிதாக்கும் அளவில் முதல் ஓவர்சைஸ் 0.50, அடுத்தது 1.00. அதையும் தாண்டினால் உள்ளே சிலீவ் என்கிற புதுக் குழாய் இறக்கலாம், ஆனால் நீங்கள் அந்த நிலைக்குப் போயிருக்க மாட்டீர்கள்.

எங்கே அளக்கிறோம் என்பது ரொம்ப முக்கியம். தேய்மானம் அதிகம் இருப்பது மேல் ரிங் திரும்புகிற இடத்தில், போரின் மேல் விளிம்பிலிருந்து கொஞ்சம் கீழே. அங்கே கிராங்குக்கு இணையாக ஒரு அளவு, குறுக்கே ஒரு அளவு, நடுவில் இரண்டு, அடியில் இரண்டு, ஆக ஒரு சிலிண்டருக்கு ஆறு அளவு. பேப்பரில் எழுதி வாங்குங்கள். விரல் நகத்தை ஓட்டி, வரப்பு தட்டுப்படவில்லை, போர் நன்றாக இருக்கிறது என்று சொல்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

சேஸிஸில் வைத்தே ரிங் மாற்றுவது தப்பு என்று சொல்லமாட்டேன், போர் அளவுக்குள் இருந்தால் அது நல்ல வேலைதான். ஆனால் முட்டை வடிவத்துக்குப் போன போரில் வட்டமான புது ரிங்கை இறக்கினால் அது சுவரோடு முழுசாக ஒட்டாது. முதல் இரண்டு மாதம் இழுவை திரும்பிவிட்ட மாதிரி இருக்கும், அப்புறம் பழைய கதைதான். ஆயில் பிரஷர் இறங்குவதாக வேறு சொல்கிறீர்கள். இந்த இன்ஜினுக்கு சூடான ஐடிலில் 10 பிஎஸ்ஐ என்பது கடைசிக் கோடு, முழு ஓட்டத்தில் 30-க்குக் குறையக் கூடாது. ஐடிலில் கோட்டில் நிற்கிறது என்றால் கிராங்கையும் அளந்தாக வேண்டும், அதற்கு இன்ஜின் கீழே இறங்கித்தான் ஆகணும். கிராங்கை அளக்காமல் புது பேரிங் போடுவது காலை அளக்காமல் செருப்பு வாங்குகிற மாதிரி.

கிலோமீட்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 7 லட்சம் என்பதை எல்லோரும் பெரிய எண்ணாகப் பார்க்கிறார்கள், எனக்கு உறுத்துவது கடைசி 3 லட்சம்தான். உங்கள் வண்டியும் இழுக்கிற லாரியும் சேர்ந்து 25 டன் என்று வையுங்கள். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், குன்னூர் 1800-ஐ ஒட்டி, ஆக ஏறுகிற உயரம் ஏறக்குறைய 1500 மீட்டர். இன்ஜின் 130 குதிரைசக்தி, சக்கரத்துக்கு வந்து சேர்வது நூறு என்று எடுத்துக்கொண்டாலும், அவ்வளவு எடையை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் ஒன்றே கால் மணி நேரத்துக்கு மேல் முழு சக்தியில் அது உழைக்க வேண்டும். டயர் உருள்வதற்கும் கொண்டை ஊசி வளைவில் நின்று எடுப்பதற்கும் தனிக் கணக்கு. சேலம் ரோட்டில் சமதளத்தில் ஓடுகிற லாரிக்கு இன்ஜின் இப்படி முட்டிக்கொண்டு நிற்கும் நேரம் ஒரு நாளில் சில நிமிஷங்கள்தான். மீட்டர் இரண்டையும் ஒரே கிலோமீட்டராகத்தான் எண்ணும், பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் இரண்டும் ஒன்றல்ல. இழுவை வண்டிக்காரர்கள் கிலோமீட்டரை விட்டுவிட்டு மணிக்கணக்கு எழுதி வைக்க வேண்டும், ஆயில் மாற்றுவதும் அந்தக் கணக்கில்தான் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. இன்ஜினைப் பிரிக்கும் முன்னால் இரண்டு காரியம் செய்யுங்கள். ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் ஹோஸைக் கழற்றி உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள், டர்போவின் காற்றுப் பக்க இறக்கைகளின் நுனி கூர்மையாக இருக்கிறதா, மழுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்து, பழைய ஆயில் ஃபில்டரை அறுத்து உள்ளே இருக்கிற தாளை விரித்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். செம்பு நிறத்தில் மின்னினால் பேரிங், வெள்ளி நிறத்தில் இருந்து காந்தத்தில் ஒட்டாவிட்டால் பெரும்பாலும் பிஸ்டன். இந்த இன்ஜின் ஏன் தேய்ந்தது என்று தெரியாமல் புது இன்ஜின் செய்து மாட்டினால் அதே காரணம் இதையும் தின்னும்.

பச்சை இலை லாரி, கோத்தகிரி

போரிங் அண்ணன் எழுதியதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்க வந்தது வேறு. குன்னூர்க்காரரே, உங்கள் வண்டியில் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) இருக்கிறதா?

சமவெளியிலிருந்து வாங்கிய வண்டி என்று சொன்னதால் கேட்கிறேன். கீழே வெயிலுக்குப் பயந்து முதல் வேலையாகத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். நம் மலையில் அது இரண்டு பக்கமும் கெடுதல். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் விடியற்காலையில் உறைபனி விழுகிற குளிரில் இன்ஜின் சூடேறவே அரை மணி நேரம் ஆகும். குளிர்ந்த சிலிண்டர் சுவரில் டீசல் முழுசாக எரியாமல் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும், ரிங்கும் போரும் அப்போதுதான் அதிகம் தேயும். இறக்கத்தில் கியரில் வரும்போதும் இதே கதைதான். இன்னொரு பக்கம், தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் வழியாகவே இன்ஜினுக்குள் திரும்பிவிடும், லோடு இழுக்கும்போது சூடு ஏறும். குளிர வைக்கிறேன் என்று செய்கிற காரியம் ஏற்றத்தில் சூட்டைத்தான் கூட்டுகிறது. 

ரேடியேட்டர் மூடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், இதை யாரும் கவனிப்பதில்லை. ஊட்டி உயரத்தில், அதாவது 2240 மீட்டரில், தண்ணீர் 100 டிகிரிக்கு முன்னாலேயே, 92 அல்லது 93-லேயே கொதித்துவிடும். 7 பிஎஸ்ஐ மூடி சரியாகப் பிடித்தால் அதை 105 டிகிரி பக்கம் தள்ளிவைக்கும். மூடியின் ரப்பர் போய்விட்டால் 93-ல் கொதித்து ஹெட்டுக்குள் நீராவிக் குமிழி நிற்கும், முள் சிவப்புக்கு வரவில்லையே என்று நாம் ஓட்டிக்கொண்டே இருப்போம். உங்களுக்கு ஒருமுறை ஹெட் கேஸ்கெட் போனது என்றீர்களே, எனக்கு அதில்தான் சந்தேகம். 

இன்ஜின் வேலையோடு சேர்த்து ரேடியேட்டரைக் கழற்றி ராட் அடித்து (குழாய்களுக்குள் கம்பி விட்டு) சுத்தம் செய்யுங்கள், வாட்டர் பாடியை, அதாவது தண்ணீர் பம்ப்பை, புதிதாகப் போடுங்கள், கூலன்ட் கலந்து ஊற்றுங்கள், பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். நாம் மணிக்கு பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறோம், எதிர்க்காற்று என்று ஒன்றும் வராது, ஃபேன் இழுக்கிற காற்றுதான் எல்லாம். அதனால் ஃபேனைச் சுற்றியிருக்கிற கூடு உடையாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் தொழிற்சாலை லாரியில் அந்தக் கூடு பாதி உடைந்து ஒரு வருஷம் ஓடியது, மாற்றின அன்றே முள் ஒரு கோடு இறங்கி நின்றது.

குன்னூர் கிரேன்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை வேலை வரவில்லை, உட்கார்ந்து பார்த்தேன்.

தெர்மோஸ்டாட் இல்லை. வீடு மட்டும் இருக்கிறது, உள்ளே காலி. நான் வாங்கிப் பத்து வருஷமாக அப்படியே ஓட்டியிருக்கிறேன், நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

அதைவிடப் பெரிய விஷயம் ஹோஸ். போரிங் அண்ணன் சொன்ன மாதிரி வெள்ளைத் துணி விட்டுத் துடைத்தேன், செம்மண் நிறத்தில் வந்தது. கிரேன் ஏற்றியபோது வைத்த இரும்புச் சட்டம் ஒன்று அந்த ஹோஸின் அடிப்பக்கத்தில் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது, விரல் நுழைகிற நீளத்துக்குக் கிழிசல். டர்போ இறக்கைகளின் நுனி எல்லாம் மழுங்கி வழுவழுவென்று இருக்கிறது. மண் சரிந்த இடங்களில் ஜேசிபி வேலை செய்யும்போது மணிக்கணக்காக அங்கேயே இன்ஜினை ஓட விட்டு நின்றிருக்கிறேன். அந்தத் தூசி எல்லாம் ஃபில்டருக்குப் போகாமல் நேராக உள்ளே போயிருக்கிறது. ஏர் ஃபில்டரை மட்டும் தவறாமல் மாற்றிக்கொண்டிருந்தேன்.

ஆயில் ஃபில்டரையும் அறுத்துப் பார்த்தேன், செம்பு மினுக்கம் நன்றாகவே இருக்கிறது. ஆக, இன்ஜினை இறக்குவது என்று முடிவு செய்துவிட்டேன். எங்கள் ஊர் மெக்கானிக்கிடம் இதையெல்லாம் காட்டினேன், அவரும் பார்த்துவிட்டு முழு வேலையே பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார். நல்ல மனுஷன்.

ஒரு கேள்வி. பிரிப்பதுதான் பிரிக்கிறோம், பம்ப்பில் கொஞ்சம் டீசலை ஏற்றி வைத்தால் இழுவை கூடுமா? இரண்டு மூன்று பேர் செய்திருக்கிறார்கள்.

டீசல் பம்ப் பெஞ்ச், மேட்டுப்பாளையம்

ஏற்ற வேண்டாம். என்னிடம் இதைக் கேட்டு வருகிறவர்கள் எல்லோரிடமும் இதையேதான் சொல்கிறேன், சிலர் கோபித்துக்கொண்டு வேறு இடம் போகிறார்கள்.

டீசலைக் கூட்டினால் இழுவை கூடும், அதில் பொய் இல்லை. அந்த டீசல் முழுசாக எரியக் காற்று வேண்டும். ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கீழே இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். டர்போ அதைக் கொஞ்சம் ஈடு கட்டும், ஆனால் உங்களுக்கு இன்டர்கூலர் இல்லாததால் டர்போ அழுத்திக் கொடுக்கும் காற்று சூடாகவே உள்ளே போகிறது. அதில் டீசலைக் கூட்டினால் கருப்புப் புகையும் எக்ஸாஸ்ட் சூடும்தான் ஏறும். சமதளத்தில் யாரும் ஒரு நிமிஷத்துக்கு மேல் முழு ஆக்ஸிலேட்டர் மிதிப்பதில்லை, அதனால் அங்கே பம்ப் ஏற்றியவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். நீங்கள் மிதித்தால் ஒரு மணி நேரம் காலை எடுக்கமாட்டீர்கள். பிஸ்டன் அலுமினியம், அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். எக்ஸாஸ்ட் வாயு அதை ஒட்டிய சூட்டில் போய்க்கொண்டிருக்கும்போதும் பிஸ்டன் உருகாமல் நிற்பதற்குக் காரணம், நடுநடுவே உள்ளே வருகிற காற்றும் அடியிலிருந்து பீச்சுகிற ஆயிலும்தான்.

பம்ப்பைக் கழற்றி பெஞ்சில் போட்டு ஆறு லைனும் ஒரே அளவு டீசல் கொடுக்கிறதா என்று பாருங்கள், கம்பெனி அளவிலேயே வையுங்கள். ஆறு நாசிலையும் டெஸ்ட் பண்ணுங்கள். ஒரு நாசில் பொடிப்பொடியாகத் தூவாமல் ஒழுகினால் அந்தச் சிலிண்டர் மட்டும் முதலில் போகும், புதுப் பிஸ்டனாக இருந்தாலும் சரி. மீதி இருக்கும் காசுக்கு டர்போவுக்கு முன்னால் ஒரு எக்ஸாஸ்ட் வெப்ப மீட்டர் வையுங்கள். ஏற்றத்தில் முள் 650-ஐத் தொட்டால் காலைக் கொஞ்சம் எடுத்து ஒரு கியர் குறைத்துவிடுங்கள். இன்ஜினைத் திணற விடாமல், கியரைக் குறைத்து ஆர்பிஎம்மில் இழுக்கப் பழகுவதுதான் பம்ப் ஏற்றுவதைவிடப் பெரிய இழுவை.

போரிங் மிஷின், கோவை

ஹோஸ் விஷயத்தைப் படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது, காரணம் கிடைத்துவிட்டது. டர்போவையும் அப்படியே திருப்பி மாட்டாதீர்கள், இறக்கை மழுங்கினால் பேலன்ஸும் போயிருக்கும், உள்ளே சுழல்கிற கார்ட்ரிட்ஜை மாற்ற வேண்டியிருக்கும்.

மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டியவை சில. பிளாக்கை ஊறவைத்துக் கழுவும்போது ஆயில் ஓடும் துவாரங்களின் பிளக்குகளை எல்லாம் கழற்றி பிரஷ் விட்டுக் கழுவணும், கிராங்கின் துவாரங்களும் அப்படியே. போர் அடித்த பொடி அங்கே கொஞ்சம் தங்கினாலும் புது பேரிங் ஒரே நாளில் போய்விடும். ஹோனிங் (போர் சுவரில் நுண்ணிய கோடு போடுவது) முடிந்தபின் போரை டீசலால் துடைத்தால் போதாது, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியில் கருப்பு வருவது நிற்கும் வரைக்கும் துடைத்து, உடனே ஆயில் தடவணும். பிஸ்டனுக்கு அடியில் ஆயில் பீச்சுகிற சின்ன நாசில்களை எண்ணி எடுத்துவைக்கச் சொல்லுங்கள். உங்கள் மாதிரி இழுவை வண்டிக்கு அவைதான் உயிர். 

பிஸ்டன் வாங்கிக் கையில் வந்த பிறகுதான் போர் அடிக்கணும், ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து அதற்கேற்ற போர். முதலில் போர் அடித்துவிட்டு அப்புறம் பிஸ்டன் வாங்கிவருவது பல இடத்தில் நடக்கிறது, கேட்டு நிறுத்துங்கள். கிராங்க் கிரைண்ட் பண்ணும்போது ஜர்னலின் (பேரிங் உட்காரும் பகுதியின்) ஓரத்தில் இருக்கிற வளைவை அப்படியே விடணும், அதைச் சதுரமாக வெட்டிவிட்டால் கிராங்க் அங்கேதான் உடையும். கிரைண்டிங்குக்கு முன்னால் கிராக் டெஸ்ட். ஹெட்டுக்கும் தண்ணீர் அழுத்தம் கொடுத்து டெஸ்ட், இரண்டு வால்வு சீட்டுக்கும் நடுவில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று.

இன்னொன்று, முன்பக்க கியர் மூடி திறந்திருக்கும்போது பார்த்தே ஆக வேண்டியது. அந்தக் காலத்து 12 வால்வு 5.9 இன்ஜினில் கியர் வீட்டைப் பொருத்த ஒரு சின்ன டோவல் பின் உண்டு. வருஷக்கணக்கான அதிர்வில் அது மெல்ல வெளியே நகர்ந்து கியர்களுக்கு நடுவில் விழ வாய்ப்பு உண்டு, விழுந்தால் முன்பக்கம் முழுக்கக் காலி. பின் துவாரத்தின் விளிம்பைப் பஞ்ச் வைத்து அடித்து நெருக்கிவிடலாம், அல்லது பக்கத்து போல்ட்டில் ஒரு தகடு வைத்து மறைத்துவிடலாம். பத்து நிமிஷ வேலை.

குன்னூர் கிரேன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

இன்ஜினை இறக்கி லோடு ஆட்டோவில் கோவைக்குக் கொண்டுபோனோம். நான் பக்கத்தில் நின்று ஆறு சிலிண்டருக்கும் முப்பத்தாறு அளவும் எழுதி வாங்கினேன். மேல் ரிங் திரும்பும் இடத்தில் குறைந்தது 102.15, அதிகம் 102.21. அடியில் எல்லாம் ஏறக்குறைய புதுசு மாதிரி. தூசி தின்ற போர் இப்படித்தான் மேலே மட்டும் அகன்றிருக்கும் என்று அங்கே இருந்தவரும் சொன்னார். ஐந்தாவது பிஸ்டனின் பக்கத்தில் உரசல் கோடுகள். அன்றைக்கு ரிங் செட் மட்டும் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தப் பேப்பரைப் பார்த்தபோதுதான் புரிந்தது. 0.50 ஓவர்சைஸ் அடித்தாகிவிட்டது, ஆறு போரும் சுத்தமாக வந்துவிட்டன. கிராங்கின் ராட் ஜர்னல் இரண்டு அளவுக்குக் கீழே போயிருந்தது, 0.25 கிரைண்ட் செய்தோம், விரிசல் இல்லை. ஹெட்டில் ஒரு விரிசலும் இல்லை, வால்வு கைடு மட்டும் பன்னிரண்டும் புதுசு. டோவல் பின் ஒரு நூல் அளவு வெளியே வந்துதான் இருந்தது. மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டு ஒரு நிமிஷம் பேசவில்லை, அப்புறம் தகடு வெட்டி வைத்தார்.

பம்ப் கம்பெனி அளவுதான். தெர்மோஸ்டாட், புது ரேடியேட்டர் மூடி, வாட்டர் பாடி, டர்போ கார்ட்ரிட்ஜ் எல்லாம் போட்டாயிற்று. கிரேன் சட்டத்தை வெட்டி நாலு விரல் இடைவெளி விட்டு வெல்டிங் வைத்தோம், ஹோஸ் இனி எதிலும் தொடாது. மொத்தச் செலவு நான் நினைத்ததைவிட நாற்பதாயிரம் கூட, அதில் பாதி டர்போவும் ரேடியேட்டரும்.

நாளைக்கு ஸ்டார்ட். முதல் நாட்களில் எப்படி ஓட்ட வேண்டும்? மெதுவாக ஐடிலில் நாள் முழுக்க விடணும் என்கிறார் ஒருவர், அது சரியா?

போரிங் மிஷின், கோவை

ஐடிலில் விடாதீர்கள், அது பழைய பழக்கம். அழுத்தம் இருந்தால்தான் ரிங் விரிந்து போர் சுவரில் உரசி உட்காரும். லோடு இல்லாமல் மணிக்கணக்கில் ஓட விட்டால் ஹோனிங் கோடுகள் மேல் கண்ணாடி மாதிரி பளபளப்பு ஏறிவிடும், அப்புறம் ஆயில் குடிப்பது நிற்கவே நிற்காது.

ஸ்டார்ட் பண்ணும் முன்னால் டீசலை நிறுத்தி வைத்துச் செல்ஃப் மட்டும் அடித்து ஆயில் பிரஷர் முள் எழும்புகிறதா என்று பாருங்கள். டர்போவின் ஆயில் பைப்பைக் கழற்றிக் கொஞ்சம் ஆயிலை முதலிலேயே ஊற்றிவையுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஒழுக்கு பார்த்துவிட்டு, சூடேறும் வரை மட்டும் நிறுத்திவைத்து, உடனே ரோட்டில் எடுங்கள். முதல் ஆயிரம் கிலோமீட்டர் எந்த வண்டியையும் கட்டி இழுக்க வேண்டாம், கிரேன் எடை மட்டும் போதும். மேட்டுப்பாளையம் போய்வருவதே நல்ல ரன்னிங், ஏற்றத்தில் பாதிக்கு மேல் ஆக்ஸிலேட்டர் மிதித்து ஏறுங்கள், ஆர்பிஎம் ஏறி இறங்கட்டும், ஒரே வேகத்தில் பிடித்துவைக்காதீர்கள். இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக்கில் இன்ஜினை ரொம்பக் கத்த விடாதீர்கள். முதல் ஐந்நூறில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள், ஃபில்டரை மறக்காமல் அறுத்துப் பாருங்கள். ஹெட்டை மெக்கானிக் மேனுவலில் இருக்கிற படிகளின்படி இறுக்கினாரா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள், வால்வு இடைவெளியை இன்ஜின் நன்றாகக் குளிர்ந்த பிறகு பார்க்கச் சொல்லுங்கள், இன்லெட் 0.25, எக்ஸாஸ்ட் 0.50.

ஆயிரம் தாண்டியதும் முதல் இழுவைக்குச் சின்ன வண்டியாக எடுங்கள். பிரீதர் பைப்பை அன்றைக்குப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.

குன்னூர் கிரேன்

ஸ்டார்ட் ஆகி இன்றோடு பதினேழு நாள். 1,100 கிலோமீட்டர். ஐந்நூறில் மாற்றிய ஃபில்டரில் கொஞ்சம் கருப்புப் பொடி தவிர ஒன்றுமில்லை. நேற்று சாயங்காலம் காட்டேரிக்குக் கீழே நின்ற ஒரு காலி டெம்போவை இழுத்து வந்தேன், முழுக்க இரண்டாவது கியர். வெப்ப மீட்டர் அதிகம் போனது 540. மேலே வந்து ஐடிலில் விட்டேன், ஆயில் முள் 25-ல் நின்றது. மூடியைத் தலைகீழாக வைத்துப் பார்த்தேன், அசையவில்லை.